நல்லா விழுந்திருக்கா?

“ஸ்டாண்டை நிறுத்தினது யாரு?”

மாஸ்டர் போட்ட சத்தத்தில் போட்டோ வகுப்பே அதிர்ந்தது. தரையில் கேமரா ஒருக்களித்துக் கிடந்தது. லென்ஸில் குறுக்கே ஒரு விரிசல்.

இன்று கடைசி வகுப்பு. எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சான்றிதழ் வாங்கிப் போக வேண்டியதுதான் பாக்கி. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, தானாகவே அடுத்தடுத்துப் படம் எடுக்கும்படி முடுக்கிவிட்டு, தானும் வரிசையில் நிற்க ஓடினார் மாஸ்டர். பாதி தூரம் போவதற்குள் பின்னால் தடாலென்று சத்தம்.

அவர் வகுப்பில் கேமராவைக் கீழே போட்டவருக்குச் சான்றிதழ் கிடையாது. “என் கையிலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு மூடிகூட விழுந்ததில்ல” என்று அவர் மார்தட்டாத நாளும் கிடையாது. மாணவர்களில் ஒருவரான பஸ் டிரைவர் வாய்தவறி, “படம் நல்லா விழுந்திருக்கா சார்?” என்று கேட்டால்கூட, “வந்திருக்கான்னு கேளுங்க! விழுந்திருக்கான்னு கேக்காதீங்க!” என்று எரிந்து விழுவார்.

“நான்தான் சார் நிறுத்தினேன்.” தையற்கடைக்காரம்மா முன்னால் வந்தார். “ஸ்டாண்டோட காலைச் சரியா இறுக்கல போலிருக்கு.”

“போலிருக்காம்! படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா!”

“சார், அது வந்து...” என்று இழுத்தார் பல் டாக்டர். அந்தம்மா ஒரு முறை முறைத்தார். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயை மூடிக்கொண்டார்.

மாஸ்டருக்கும் மனசு கேட்கவில்லைதான். சான்றிதழைக் கடையில் மாட்ட ஆணிகூட அடித்து வைத்திருப்பதாகப் போன வாரம்தான் அந்தம்மா சொல்லியிருந்தார். அதற்காகச் சட்டத்தை வளைக்க முடியுமா?

“உங்களுக்குச் சான்றிதழ் இல்லம்மா. போய் வாசல் பக்கமா நில்லுங்க.”

“சரிங்க சார்.”

முகத்தில் துளி வருத்தத்தைக் காணோம். அதைப் பார்த்து மாஸ்டருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“எடுத்த படமாவது பிழைச்சுதா பார்ப்போம்” என்று கேமராவிலிருந்து கார்டை உருவினார்.

“இப்ப எதுக்கு சார்? அப்புறமா பார்த்துக்கலாமே!” வாசலிலிருந்து அந்தம்மா பதறினார்.

மாஸ்டர் கேட்கிற ஆளா? கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிச் சுவர்த்திரையில் போட்டார்.

முதல் படம், ஓடுகிற மாஸ்டரின் முதுகு. அவர் பெருமையாக மாட்டிக்கொள்ளும் பாக்கெட் பாக்கெட்டான கோட்டு. அதன் கொக்கியில் கேமராவின் தோள்வார் சிக்கி, விறைப்பாக இழுபட்டுக்கொண்டிருந்தது. நாய்க்குட்டியைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போவது மாதிரி கேமராவையும் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார் மனுஷர்! விழுந்த வேகத்தில் வார் கொக்கியிலிருந்து கழன்றுவிட்டதால் அவருக்குத் தெரியவே இல்லை.

வாரைக் கழற்றிவிட்டுத்தான் கேமராவை ஸ்டாண்டில் மாட்ட வேண்டும் என்பது முதல் நாள் பாடம். நடத்தியவர் சாட்சாத் அவரேதான்.

அடுத்த படத்தில் மின்விசிறி. அதற்கும் அடுத்ததில், “ஐயையோ” என்று வாயைப் பிளந்தபடி மொத்த வகுப்பும் ஓடி வந்தது. எல்லாருக்கும் முன்னால், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தையற்கடைக்காரம்மா.

“அப்ப... எல்லாரும் பார்த்திருக்கீங்க?”

ஒருவர் சுவரைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“ஏம்மா சொல்லல? உங்க சான்றிதழ் போச்சேம்மா!”

“போனாப் போகுது சார். நீங்க திட்டித் திட்டித்தான் எனக்குப் படம் எடுக்கவே வந்துச்சு. நீங்களே கீழ போட்டீங்கன்னு ஆயிட்டா, இனிமே வர்றவங்களை எந்த வாயால திட்டுவீங்க? திட்டு வாங்கலேன்னா, பாவம், அவங்க எப்படிக் கத்துக்குவாங்க?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. சான்றிதழை எடுத்துப்போய் இரண்டு கையாலும் அந்தம்மாவிடம் கொடுத்தார்.

“நீங்க உள்ள போய் உட்காருங்கம்மா.”

அந்தம்மா நின்ற இடத்தில் தான் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே திரையை எட்டிப் பார்த்து, பஸ் டிரைவரைக் கேட்டார்:

“ஏங்க, படத்துல நான் நல்லா விழுந்திருக்கேனா?”