கெட்ட காத்து

“காத்தக் கூட்டாதேம்மா!” என்று கத்தினார் பூபாலன்.

புது ஆயா ஜோதிகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரின் திருகைத் திருப்பினாள். காற்றின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குட்டிக் குண்டு விறுவிறுவென மேலே ஏறியது.

திருமழிசையில் அந்த முதியோர் இல்லம் மத்தியான வெயிலில் ஓய்ந்து கிடந்தது. கட்டிலில் சுசீலா, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் பூபாலன்.

“தொண்ணூத்தி எட்டு! இப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு” என்று சுசீலாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மிஷினைப் பார்த்துச் சொன்ன ஜோதிகா, செல்போனோடு ஜன்னலோரம் போனாள்.

சுசீலாவின் கண்கள் செருகின. “இன்னாங்க... வந்துட்டீங்களா?”

“இங்கதான் கீறேன், சுசீ. தூங்காதே.”

“கண்ணு சொக்குது. கையப் புடிங்க, போலாம்.”

பூபாலன் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “மாட்டேன். முழிச்சிக்கோ! ஏ பொண்ணே, நர்ஸக் கூப்புடு!”

ஜோதிகா போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

நல்லவேளை, மாத்திரையோடு நர்ஸ் கார்த்திகா உள்ளே வந்தாள். பார்வை நேராகக் குண்டின் மேல் போனது. “யாருடி இதை ஏத்தினது?”

“தொண்ணூறுதான்க்கா காட்டுச்சு. பயந்துட்டேன்.”

“இவங்க நுரையீரலுக்கு அதுவே போதும்னு டாக்டர் சொன்னாருல்ல? அதிகமாக் குடுத்தா கெட்ட காத்து உள்ளயே தங்கிடும்.”

“கெட்ட காத்தா!” ஜோதிகா கழுத்துத் தாயத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ச்சீ, அந்தக் காத்து இல்லடி. மூச்சுல நாம வெளிய விடுறோமே, அது. தேங்கினா ஆளு அப்படியே மயங்கிடுவாங்க. எழுப்பவே முடியாது.” கார்த்திகா திருகைக் குறைத்தாள். குண்டு இறங்கியது. “மாஸ்க்கையே பாரு. மூச்சு விட்டா ஆவி படியும், இழுத்தா மறையும். நான் டாக்டருக்குப் போன் போடுறேன்.”

ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

டாக்டரிடம் பேசிவிட்டு கார்த்திகா திரும்பியபோது சுசீலா கண்ணை நன்றாகத் திறந்து, நாற்காலியைப் பார்த்தாள். “எங்க ஊட்டுக்காரரு இங்க குந்திகினு இருந்தாரே, எங்க?”

“மயக்கத்துல அப்படித்தான் தோணும்மா. இங்க யாரும் இல்ல.”

பூபாலன் குனிந்து, மனைவியின் மாஸ்க்கை ஒட்டி நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி படிந்தது. வெளிப்பக்கம் படியவில்லை.