சத்தமில்லாத கார்

முனீஸ்வரன் கோயிலுக்குப் பூஜைக்கு வந்த புது ஹைபிரிட் கார் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாததால் அணைத்துவிட்டார்கள் என்று நினைத்து, பூசாரி சோணைமுத்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். முன்னால் ஆளே இல்லை என்று கணக்குப் போட்டு, தானாக ஓடும் அந்தக் கார் நகர்ந்தது. பழத்தோடு அவருடைய வலது கையும் நசுங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே கார் கம்பெனி அதிகாரி வீட்டுக்கு வந்தான்.

"நடக்கிறவங்க எல்லாரும் கையில பீப் பட்டை கட்டணும்னு சட்டம் இருக்கும்மா. ஐயா கட்டல. அந்தச் சத்தம் கேட்டிருந்தா வண்டி நின்னிருக்கும். எங்க மேல தப்பில்ல."

"பூசை பண்ற கையில ரப்பரைக் கட்டுவாங்களா?" என்றாள் பூசாரியின் மனைவி இருளாயி. கட்டிலில் கிடந்த புருஷனின் கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். "முட்டுற மாட்டுக்கு மணி கட்டுவீகளா, எதிர்ல வர்ற மனுசனுக்குக் கட்டுவீகளா?"

"சட்டம் அப்படிம்மா," என்று எழுந்தான்.

பூஜை மணியை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் தெருவில் இறங்கினாள். அவள் கைப்பட்டை பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அவனுடைய காரின் பக்கக் கண்ணாடியில் புருஷனின் துண்டால் மணியை இறுக்கிக் கட்டினாள்.

"அவுத்துப் பாரு. உனக்கும் கை இருக்காது."

அவன் அவிழ்க்கவில்லை. கார் நகர்ந்ததும் மணி கணகணவென்று அடித்தது. குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்கினார்கள்.

இருளாயி தன் பட்டையைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள்.