காடைக்காக வாய் மூடிய வீடு

அவையோரே, தென்கரிசல் புல்வெளிக்கு என்னோடு வாருங்கள். அங்கே ஒரு தாய்க்கு இழைக்கப்பட்ட அநீதியை உங்கள் கண்களாலேயே காணுங்கள்!

அருகிப்போன காடைகளை மீட்கவென்று அங்கே வனத்துறையார் புல் வளர்த்தார்கள், நாய்களை விரட்டினார்கள், புதர்தோறும் ஒலிபெருக்கி வைத்துக் காடைக்குரலை ஒலிக்கவிட்டார்கள். மனிதக் குரல் கேட்டால் பறவை அண்டாது என்று, காவலுக்குக் குடிவைத்த மாசானத்தின் குடும்பம் பேசவே கூடாதெனக் கட்டளையும் இட்டார்கள். அவர் மனைவி உலகம்மாள், ஒரு தாலாட்டும் பாடாமல் மகள் பூரணியை வளர்த்தாள்.

மூன்று வயதுப் பூரணி நேற்று விடியலில் முதன்முதலாக வாய் திறந்தாள். "அம்மா" என்ற சொல்லுக்காகத் தாய் குனிந்தாள். குழந்தையின் தொண்டையிலிருந்து எழுந்ததோ காடைக்குரல்! புதரிலிருந்த ஒலிபெருக்கி அதற்குப் பதில் கொடுத்தது. பூரணி சிரித்தாள்.

புல்லில் பதித்திருந்த கருவி அந்தக் குரலைக் காடையென்றே அறிவித்தது. அதிகாரி ஓடிவந்து மாசானத்தின் காதில் கிசுகிசுத்தார்.

"மொதக் காடை வந்துட்டுடே! ஒனக்கு மாலையே போடணும்."

"ஐயா, கத்துனது எம் மவ" என்று மாசானமும் கிசுகிசுத்தார்.

"மிசினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்? வாய மூடு, பறந்துரும்."

உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மான்னு சொல்லு தாயி, ஒரு தடவ சொல்லு!" என்று கதறி மகளை அள்ளினாள்.

அந்த வீட்டில் பூரணி கேட்ட முதல் மனிதக் குரல் அது. அவள் மிரண்டு, தாயின் கையிலிருந்து நழுவிப் புல்லுக்குள் ஓடிப் பதுங்கினாள்.

இன்னும் வெளியே வரவில்லை. தாய் அழைத்தால் அசையாதவள், ஒலிபெருக்கி அழைத்தால் பதில் தருகிறாள்.

காடைகள் வாழட்டும், புல்லும் தழைக்கட்டும். ஆனால் அந்த ஒலிபெருக்கிகளை இன்றே பிடுங்கி எறியுங்கள்! எழுந்து வாருங்கள், புல்வெளியின் வேலியருகே நின்று, அவளைப் பெயர் சொல்லி அழையுங்கள்!