மூல மொழி

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கமலினிக்கு ஐந்து மொழிகள் தெரியும். அன்று வழக்குச் சான்றாக அவள் மேசைக்கு வந்த கைபேசியிலோ ஓர் எழுத்துகூட இல்லை. வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போன இடத்தில் இறந்துபோன செல்லக்கிளியும் ஊரிலிருந்த அக்கா முனியம்மாளும் நான்கு வருடமாக அனுப்பிக்கொண்டதெல்லாம் குடை, கோழி, நிலா என்று வெறும் பொம்மைப் படங்கள். இருவருமே பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

"படிங்கம்மா," என்றாள் கமலினி.

எதிரே உட்கார்ந்திருந்த முனியம்மாள் திரையில் விரல் வைத்துப் படித்தாள். "அக்கா, இன்னைக்கும் வீட்டுக்காரி அடிச்சா. சோறு தின்னுட்டேன். நீ அழாத."

"குடைன்னா அடியா?"

"மேல விழுறதுக்கெல்லாம் குடைதான் மேடம்."

நம்பிக்கை வராமல் கமலினி மறுநாளும் அவளை வரவழைத்து, முதல்நாள் படித்த இடங்களையே முன்னும் பின்னுமாகத் திறந்து நீட்டினாள். ஒரு சொல் மாறவில்லை. அழுகை, கேலி, கோழிக்குஞ்சுக்கு வைத்த பெயர் வரைக்கும் அதில் இருந்தது. உலகத்தில் இரண்டே பேர் பேசிய மொழி. படிவத்தில் 'மூல மொழி' என்ற கட்டத்துக்கு மேல் கமலினியின் பேனா அப்படியே நின்றது.

செல்லக்கிளியின் கடைசிச் செய்தியில் ஓர் ஏணி மட்டும் இருந்தது. முனியம்மாள் அதன்மேல் விரலை வைத்தாள்; படிக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"இத நாங்க இதுக்கு முன்ன பேசுனதே இல்ல மேடம். அவதான் சொல்லணும்."