மூணாவது பேட்டரி

"வந்துட்டான் பாருங்க நம்ம கரண்ட்டு சைக்கிள்காரன்! எல்லாரும் சன்னலுக்கு வாங்க!"

சாரதாமணி குரல் கொடுத்ததும் பனியன் கம்பெனி வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய சைக்கிள் மிதிக்காமலே வந்துகொண்டிருந்தது. நடுக்கம்பியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பேட்டரி, பின்சக்கரத்தை ஒட்டி ஒரு மோட்டார். எல்லாம் அவனே வீட்டில் வைத்து மாட்டியது. ஓட்டி வந்தவன் வேனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து மணியடித்தான்.

"தெனமும் நம்மளப் பாத்து இளிக்கிறதைப் பாருங்க. மூஞ்சியும் மொகரையும்!" என்றாள் சாரதாமணி, தன் உள்பக்கச் சீட்டில் இருந்தபடியே.

வேன் சிரிப்பில் குலுங்கியது. காலை ஷிஃப்டுக்குப் போகிற தூக்கக் கலக்கத்தில் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள்தான் அவல். தினமும் அதை எடுத்துப் போடுகிறவள் சாரதாமணி. கேலி பேசுவதில் அவளை மிஞ்ச அந்த வேனில் ஆள் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் உண்டு.

"மொதல்ல ரெண்டு பேட்டரி போட்டான். மாட்டு வண்டிகூட அவனைத் தாண்டிப் போச்சு. அப்புறம் மூணாவது ஒண்ணைப் போட்டான், வயரு உருகி நடுவழியில பொகைஞ்சு நின்னுட்டான். இப்ப ஏதோ காருல இருந்த ஃபேன் மோட்டாரைக் கழட்டியாந்து மாட்டியிருக்கான். பல்சக்கரத்தையும் மாத்தியாச்சு. கழுதைக்குச் சேணம் கட்டுனா குதிரை ஆயிருமாக்கும்?"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள் மூக்கம்மாள். தெற்கத்திப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"பாத்தாலே தெரியுதே கண்ணு! ஞாயித்துக்கிழமையானா காயலான் கடையே கதின்னு கெடக்கற ஆளு அவன். ஊருக்கே தெரியும்."

மூக்கம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பாவம்க்கா. கையில தொழிலு இருக்கு, ஏதோ செஞ்சு பாக்காரு. நாம பேசுறது அவரு காதுல விழுந்தா மனசு என்ன பாடுபடும்?"

"அடேங்கப்பா, வக்கீலம்மா வந்துட்டாங்க! அவங்கூடவே ஏறிப் போயிக்கோ. சாயங்காலத்துக்குள்ள கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டுருவான்."

மறுபடியும் சிரிப்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூக்கம்மாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழியில் ஒரு பாலத்து ஏற்றம் உண்டு. வழக்கமாக அந்த இடத்தில் அவன் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுவான். வேன் அவனை விட்டுவிட்டுப் போய்விடும். இன்றைக்கு அவன் இறங்கவில்லை. ஆள் பாரத்தில் வேன் முக்கி முனகி ஏற, சைக்கிள் இரைந்துகொண்டே நெருங்கி வந்தது.

"யக்கா, கிட்ட வந்துட்டாரு!" என்றாள் மூக்கம்மாள்.

சாரதாமணியின் சிரிப்பு நின்றது. "தௌபிக் அண்ணா, என்னங்க இந்த உருட்டு உருட்டறீங்க? மிதிங்க!"

"முன்னாடி லாரி போகுதும்மா. பறக்கவா சொல்ற?" என்றார் டிரைவர் தௌபிக்.

"எப்படியாச்சும் போங்க. அந்தச் சைக்கிளு மட்டும் நம்மளத் தாண்டிருச்சுன்னா, அப்புறம் இந்த வேன்ல நான் யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியாதுங்க!"

இத்தனை நாள் பேசிய பேச்சுக்கு இது வேண்டியதுதான் என்று ஒன்றிரண்டு பேருக்கு உள்ளூரச் சந்தோஷம். சைக்கிள் சன்னலுக்கு நேராக வந்துவிட்டது. மூக்கம்மாள் கைதட்டினாள். சாரதாமணி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, எதையோ தவறவிட்டவள் போலச் சீட்டுக்கு அடியில் குனிந்தாள்.

சைக்கிள் வேனை முந்தியது. முந்தியதோடு விடாமல், ஏற்றம் முடிந்த இடத்தில் அவன் குறுக்கே நிறுத்திக் கை காட்டினான். தௌபிக் திட்டிக்கொண்டே பிரேக்கை மிதித்தார்.

வேர்வை வழிய, முகமெல்லாம் சிரிப்பாக, அவன் வேனுக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏ சாரதா! எறங்கி வா புள்ள. கேரியர்ல உனக்குச் சீட்டுப் போட்டாச்சு, ரெண்டு ஆளையும் ஜம்முன்னு இழுக்குது. இனி நீ இந்த வேன்ல வரவே வேண்டாம்."

பிறகு மற்ற பெண்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் ஒண்ணும் கோவிச்சுக்கலீங்க. ஆனா எம் பொண்டாட்டியை வெச்சுக்கிட்டே என்னைக் கேலி பேசறீங்களாம், தெனமும் ஊட்டுக்கு வந்து அழுவறாளுங்க. அதுலயும் ஒருத்தரு வாய்தான் தாங்க முடியலைங்கறா. ஆரு அதுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறா. ஏனுங்க, ஆருங்க அது?"

வேன் மொத்தமும் சாரதாமணியைத் திரும்பிப் பார்த்தது.