கடல் போன பிறகும்

ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றின் காலைப் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அந்த நாசகாரிக் கப்பல் பின்பக்கமாகவே வருகிறது. இரண்டு இழுவைப் படகுகள் அதைக் கைத்தாங்கலாக அழைத்து வருகின்றன. கப்பல் கட்டும் தளத்தில் சம்மட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. போன வருஷம் இதே தளத்தில் கட்டிய கப்பல்தான். அதன் தகடுகளைப் பூட்டும் ஆணிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கொடுத்தவள் இஷ்பெல். இப்போது அதற்கு முகமே இல்லை; முன்பகுதி போய்விட்டது. டார்பிடோ கடித்த இடத்தில் தகடுகள் கந்தலாய்த் தொங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரே ஒரு இரும்புக் குறுக்குச் சுவர். அலை அதில் மோதிவிடக் கூடாதென்றுதான் இந்தப் பின்னோக்கிய பயணம். அத்தனை கடலுக்கும் இத்தனை உயிருக்கும் நடுவே அது ஒன்றுதான் நிற்கிறது. சமையலறைப் புகைபோக்கி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் புகைகிறது.

"மூஞ்சிய எங்கய்யா விட்டுட்டு வந்தீங்க?" கிரேன் மேலிருந்து ஒருவன் கத்துகிறான்.

"நீயே போய்த் தேடு. எங்களுக்குக் கை ஒழியல!" தாடி மண்டிய மாலுமியின் குரல் பிசிறடிக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

கப்பலை உள்ளே வாங்கிக்கொண்டு, பழுதுபார்க்கும் உலர்துறையின் கதவு மூடுகிறது. தண்ணீர் மெல்ல வடிகிறது. சேறு வழுக்கும் தரையில் இறங்கி இஷ்பெல் அந்தச் சுவரை அண்ணாந்து பார்க்கிறாள். கடல் அழுத்திய அழுத்தில் அது உள்வாங்கிக் குழிந்திருக்கிறது. ஓர் ஆணிகூடக் கழலவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைக்கிறாள். இரும்பு அதிர்கிறது. சுவர் உடைந்துவிடாமல் இருக்க, உள்ளே மாலுமிகள் மரங்களை முட்டுக்கொடுத்து ஆப்பு அடிக்கிறார்கள்.

"இன்னுமா அடிக்கிறானுங்க!" மேஸ்திரி மக்ஃபேல் தொப்பியைக் கழற்றுகிறார்.

இஷ்பெல் ஆணி பிடிக்கும் இடுக்கியால் சுவரைத் தட்டுகிறாள். உள்ளே சத்தம் நிற்கிறது.

"கைய எடுங்கப்பா," என்று இரும்போடு வாய் வைத்துக் கத்துகிறாள். "கடல் போயிருச்சு."