வேலைக் கொடுத்தார்

சூடம் கொளுத்தி அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தக் கோப்பில் நான் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை.

"அலமாக்! யாரோ கை வச்சிருக்காங்க," என்று மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான் ரூபேந்திரன். சிங்கப்பூரில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கிற பிள்ளை. கோயில் மண்டபத்தில் நிர்வாகக் குழு மொத்தமும் சிலையாகிவிட்டது.

விஷயம் இதுதான். கும்பாபிஷேக மலருக்காகக் கோயில் வரலாற்றைப் பத்து பாகாட் ஊரிலிருந்து காசிவிஸ்வநாதன் எழுதி அனுப்பியிருந்தார். போன முறை ஆளாளுக்குத் தங்கள் தாத்தா பெயரை நுழைத்துவிட்டதால், இந்த முறை ரூபேந்திரன் அதைப் பூட்டிக் கிளவுடில் ஏற்றிவிட்டான்.

சாவி மூன்று பேரிடம்: தலைவர் உலகப்பன், பொருளாளர் கஸ்தூரி, செயலாளராகிய நான். பூட்டும்போதே கோப்புக்குக் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்திருந்தான். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ரேகை ஒத்துப்போகாதாம்.

மாற்றியவர் பதவியை விட்டு விலக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்த மேதை, அடியேன்தான்.

"ஃபைல் கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு அங்கிள்," என்றான் ரூபேந்திரன்.

"என் வயித்தப் பாத்துப் பேசுப்பா. இங்க யாரும் இளைக்கல," என்றேன். யாரும் சிரிக்கவும் இல்லை.

அவன் இரண்டு பிரதிகளையும் பெரிய திரையில் போட்டான். வித்தியாசம் ஒரே வரியில். ஒன்றில், ‘உலகப்பனின் தந்தையார் கோயிலுக்கு வேலை கொடுத்தார்.’ இன்னொன்றில், ‘வேலைக் கொடுத்தார்.’ முன்னதில் மனிதர் ஏதோ ஆள் சேர்த்துவிட்டிருக்கிறார். பின்னதில் முருகன் கையில் இருக்கும் வெள்ளி வேலைக் கொடுத்திருக்கிறார். நடுவில் ஒரு ‘க்’.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. திரும்பாதா? கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிக் கார்டானாலும், விட்டுப்போன மெய்யெழுத்தைச் சிவப்புப் பேனாவால் போட்டு, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்கிறவன் நான். தம்போய் ஊர் முழுக்க என் பெயர் ‘ஒற்று’ செல்லப்பன்.

அன்று காலை கோப்பைத் திறந்தது வாஸ்தவம்தான். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, போனில் பெருவிரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மூடிவிட்டேன்.

"செல்லப்பண்ணே, அது எங்க அப்பச்சி குடுத்த வேலு," என்றார் உலகப்பன். "அந்த எடத்துல ‘க்’ வேணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க லா."

"அண்ணனுக்கு ‘க்’ போடலன்னா ராத்திரி தூக்கம் வராதே," என்றாள் கஸ்தூரி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

யோசித்தேன். ‘வேண்டும்’ என்றால், போட்டவன் நானே என்று ஆகிவிடும், பதவி போகும். ‘வேண்டாம்’ என்றால், இத்தனை வருட இலக்கணப் பெருமை போகும். ஆனால் பெருமைக்கு யாரும் முன்வரிசையில் நாற்காலி போடுவதில்லை. செயலாளருக்குப் போடுகிறார்கள், மாலையும் போடுகிறார்கள்.

எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

"வேணாம்! அந்த எடத்துல ‘க்’ வந்தா சுத்தத் தப்பு. என் கண்ணுல பட்டிருந்தா, அப்பவே அழிச்சுப் போட்டிருப்பேன்!"

ரூபேந்திரன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நான் பூட்டினதுல ‘க்’ இருந்துச்சு அங்கிள். இப்பத்தான் காணோம்."